அப்பாவின் பெட்டியை எறிந்துவிடாதே

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

உன் அப்பா சேர்த்து வைத்த சினிமாப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். ஒன்றையும் எறிந்துவிடாதே, மச்சான். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா சினிமா ஸ்டூடியோவை எரித்தபோது அங்கிருந்த படச்சுருள்களும் போயின. இங்கே எடுத்த தமிழ்ப் படங்களே கொஞ்சம். சுருள் போன படத்தைப் பற்றி அறிய, ரசிகர்கள் சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் வானொலியில் பதிந்த கசெட்டும்தான் இருக்கின்றன.

ஜெர்மனியில் 1927இல் வந்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தைத் திரையிட்ட கொஞ்ச நாளிலேயே வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டிய பகுதி தொலைந்தே போனது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2008இல் புவனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தில் அது 16 மி.மீ. பிரதியாகக் கிடைத்தது. அதற்கு மூலமாக இருந்தது, சினிமாப் பைத்தியம் பிடித்த ஒருவர் சேர்த்து வைத்திருந்த பிரதி! கீறல் நிறைந்ததுதான். ஆனாலும் அதை வைத்தே 2010இல் படத்தைக் கிட்டத்தட்ட முழுதாக்கினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன் அப்பா ஞாபகம்தான்.

காசு விஷயத்திலும் ரசிகர்தான் துணை. 1964இன் ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் திருத்தப்பட்டு வந்து சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடியது. சிவாஜி ரசிகர்கள் தியேட்டரை நிரப்பாமல் இருந்திருந்தால், அடுத்த பழைய படத்துக்கு யார் முதல் போடுவார்கள்? ஆனால் ஆர்வக்கோளாறில் சிலர் பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்து, நடிகர் முகத்தை மெழுகுப் பொம்மைபோல வழவழப்பாக்கிவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. எடுத்தவர் எடுத்தபடி இருக்க வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம். பூஞ்சணம் பிடித்த வீடியோ கசெட்டைப் போட்டுப் பார்க்காதே, டேப்பும் போகும், மெஷினும் போகும். ரீல் டப்பாவில் வினாகிரி மணம் வந்தால் அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வை. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஃபிலிம் அப்படித்தான் கெடும், பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். நோட்டீஸ் எந்தத் தியேட்டரில் வாங்கியது என்று அம்மாவுக்கு நினைவிருந்தால் இப்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதிவிடு.

பாட்டுப் புத்தகங்களை மட்டும் மகளிடம் கொடுத்தனுப்பு. ஸ்கேன் எடுத்து, ஒரு பிரதியை, இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ரீல்களை அசைக்காதே. அடுத்த மாதம் மட்டக்களப்புக்கு வரும்போது நானே பார்க்கிறேன்.

அன்புடன்,
ரவி