வயல் அக்கரையில், மலை இக்கரையில்

மசேரு, லெசோத்தோ

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கமலிக்கு நல்ல இடம் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். கல்யாணத்துக்கு வராததற்கு உன் வீட்டில் இன்னும் கோபம் தணியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பரீட்சை நேரத்தில் லீவு கேட்டால் எங்கள் தலைமையாசிரியை பார்க்கும் பார்வையை அவர்கள் ஒரு தடவை பார்த்தால் மன்னித்துவிடுவார்கள். நேரில் வரும்போது காலில் விழுந்து சமாதானம் செய்துகொள்கிறேன், சொல்லி வை.

எனக்கு உடம்பு பரவாயில்லை. முட்டிவலிதான் குளிர் வந்தால் கூடவே வந்துவிடுகிறது. இங்கே ஜூன், ஜூலைதான் கடுங்குளிர். மசேருவிலேயே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மேலே மலையில் பனி கொட்டி ரோட்டையே மூடிவிடும். வகுப்பறையில் ஹீட்டர் கிடையாது. பிள்ளைகள் யூனிபார்ம் மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். தோளில் ஊக்கு குத்தி, கரை செங்குத்தாக வருகிற மாதிரி போர்த்த வேண்டும். கரையைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே ஒரு கிழவி நடுத்தெருவில் நிறுத்தி அவிழ்த்துச் சரிசெய்து விட்டாள். கரை நேராக நின்றால்தான் மனிதன் வளருவானாம். அறுபதை நெருங்கியவன் இனி எங்கே வளர்வது!

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "தென்னாப்பிரிக்கா இல்லை என்கிறாய், மேப்பில் பார்த்தால் அதன் வயிற்றுக்குள்ளேதான் இருக்கிறாய், அது எப்படித் தனி நாடு?" என்று கேட்டிருக்கிறாய். வந்த புதிதில் எனக்கும் அதே குடைச்சல்தான். வாடிகன், சான் மரினோ, லெசோத்தோ, இந்த மூன்றும்தான் ஒரே ஒரு நாட்டால் முழுக்கச் சூழப்பட்ட நாடுகள். பரப்பு சுமார் 30,355 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் குறைவு. இதில் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். உயரமான சிகரம் தபானா ந்த்லென்யானா 3,482 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637தான். மொத்த நாடும் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பது உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று எங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

மசேருவின் மேற்கு ஓரத்தில் மொஹொகாரே ஆறு. வெள்ளைக்காரன் வைத்த பெயர் காலிடன். பாலத்தைத் தாண்டினால் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க அக்கரைக்குப் போவதுண்டு. பாலத்தைக் கடந்த உடனே நிலம் மாறிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம், கோதுமை, சூரியகாந்தி, எல்லாம் சமதளம், டிராக்டர் ஓடுகிற வயல். இக்கரையில் சரிவுகள்தான். மழைத்தண்ணீர் அறுத்த ஓடைப் பள்ளங்களை இங்கே டொங்கா என்கிறார்கள், அவை வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகின்றன. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வானம், ஒரே மழை. எல்லைக்கோடு ஏன் சரியாக நல்ல மண் முடிகிற இடத்தில் வந்து நிற்கிறது என்று யோசித்தால், இந்த நாட்டின் சரித்திரம் அதிலேயே அடங்கிவிடுகிறது.

1820களில் இந்தப் பக்கமெல்லாம் ஒரே போர், பஞ்சம். கூட்டம் கூட்டமாக மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அப்போது ஒரு சின்னத் தலைவனின் மகனாகப் பிறந்த மொஷ்வேஷ்வே, 1824இல் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தாபா பொசியு என்ற மலைக்கு வந்து சேர்ந்தார். மசேருவிலிருந்து அரை மணி நேரப் பயணம். உச்சி மேஜை மாதிரி தட்டை, சுற்றிலும் செங்குத்துப் பாறை, ஏற நாலைந்து இடுக்கு வழிகள்தான், மேலே சுனைகள். கோட்டை கட்ட வேண்டிய வேலையே இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்த மலையை யாரும் பிடிக்கவில்லை.

ஆனால் மலையை விட அந்த மனுஷன்தான் எனக்கு ஆச்சரியம். வருகிற வழியில் அவருடைய தாத்தா பீட்டேயை, பஞ்சத்தில் மனிதக்கறி தின்னத் தொடங்கியிருந்த ஒரு கூட்டம் பிடித்துத் தின்றுவிட்டது. பிறகு அந்தக் கூட்டம் இவர் கையில் சிக்கியபோது, வெட்டலாம் என்றார்கள். "என் தாத்தாவின் சமாதி இவர்கள் வயிறுதான், சமாதியைச் சிதைக்கக் கூடாது" என்று சொல்லி, சடங்கு செய்து, மாடு கொடுத்து, குடியமர்த்தினாராம். வாய்வழியாக வருகிற கதை, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். ஆனால் அவருடைய மற்ற காரியங்களும் இதே அச்சுதான். 1831இல் ந்டெபெலே இனத்துப் படை மலையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியபோது, பசியோடுதானே வந்தார்கள் என்று பின்னாலேயே மாடுகளை ஓட்டிவிட்டார். 1852இல் பிரிட்டிஷ் ஜெனரல் காத்கார்ட் படையோடு வந்து நன்றாக அடி வாங்கினான். அன்று நள்ளிரவே இவர் ஒரு கடிதம் அனுப்பினார்: உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், தண்டித்தது போதும், சமாதானம் தாருங்கள் என்று. காத்கார்டும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு மூட்டை கட்டினான். ஜெயித்தவன் தோற்றவனிடம் மன்னிப்புக் கேட்டு அவன் மானத்தைக் காப்பாற்றி அனுப்புகிற ராஜதந்திரத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்தக் கடிதங்களை எழுத ஆள் வேண்டும் என்பதையும் முன்பே கணக்குப் போட்டிருந்தார். ஆள் அனுப்பிச் சொல்லி, 1833இல் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் மூன்று பேரை வரவழைத்தார். அவர்களில் கஸாலி என்பவர் வெளிவிவகார மந்திரி மாதிரியே இருந்தார். மொஷ்வேஷ்வேயோ கடைசி வரை ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளவில்லை!

இத்தனை சாமர்த்தியமும் மண்ணைக் காப்பாற்றப் போதவில்லை. அக்கரைச் சமவெளிகளில் போயர்கள், அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக்கார விவசாயிகள், பண்ணை போட்டு உட்கார்ந்தார்கள். 1858இல் ஒரு சண்டை, 1865இல் இன்னொன்று. இரண்டாவதில் மலையை ஏற முடியாத போயர் படை கீழே பயிரைக் கொளுத்தியது, மாட்டை ஓட்டிக்கொண்டு போனது. மலை பிழைத்தது, வயல் போயிற்று. வேறு வழியில்லாமல் மொஷ்வேஷ்வே பிரிட்டனிடம் பாதுகாப்புக் கேட்டார். அரசியின் கம்பளியில் பேன் மாதிரி என் ஜனங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்று சொன்னதாக இங்கே வழங்குகிறது. 1868 மார்ச் 12இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. மறு வருஷமே பிரிட்டிஷ் கவர்னரும் ஃப்ரீ ஸ்டேட் போயர்களும் அலிவால் நார்த்தில் உட்கார்ந்து எல்லையைக் கிழித்தார்கள். மேற்குக் கரை அவர்களுக்கு, மலை இவர்களுக்கு. 1870 மார்ச்சில் கிழவர் கண்ணை மூடினார்.

அப்புறம் நடந்ததுதான் உன் கேள்விக்கு நேரான பதில். 1871இல் பிரிட்டன் இந்த நாட்டை, தெற்கே இருந்த தன் குடியேற்றமான கேப் காலனியோடு சேர்த்துவிட்டது. கேப் அரசாங்கம் 1880இல் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னது. சுரங்கத்தில் கூலி வேலை செய்து வாங்கிய துப்பாக்கி, சும்மா கொடுப்பார்களா? சண்டை மூண்டது, கேப் படையால் அடக்க முடியவில்லை. 1884இல் பிரிட்டனே நேரடியாக ஆளும்படி ஆயிற்று. அது நடக்காமல் போயிருந்தால், 1910இல் கேப் காலனி தென்னாப்பிரிக்க யூனியனில் சேர்ந்தபோது இதுவும் கூடவே உள்ளே போயிருக்கும். பின்னால் நிறவெறி ஆட்சியும் வந்து விடிந்திருக்கும். 1966 அக்டோபர் 4இல் சுதந்திரம் கிடைத்தது அந்தப் பழைய துப்பாக்கிகளின் புண்ணியத்தால் என்பது என் கட்சி. சக ஆசிரியர் ஒருவர் பாதிரிமார்களின் புண்ணியம் என்பார். டீ குடிக்கும் நேரமெல்லாம் இதே வழக்குதான்.

நம்மவர்களுக்கும் அக்கரையோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1860இலிருந்து சென்னையிலிருந்து கப்பல் ஏறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வாரிசுகள் டர்பனில் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் ஃப்ரீ ஸ்டேட்டில் குடியேறவோ கடை போடவோ கூடாது என்று 1891இல் சட்டம் போட்டார்கள். 1980கள் வரை இந்தியர் அங்கே குடியிருக்க முடியாது. இங்கே மளிகைச் சரக்குக் கொண்டுவரும் டர்பன் தமிழர் ஒருவர் அந்த மாகாணத்தைக் கடக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். புளியும் பெருங்காயமும் எனக்கு அவர் உபயம்தான்.

வயல் போனால் என்ன செய்வார்கள்? ஆள் விற்றார்கள். ஜொஹானஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களுக்கு ஆண்கள் போனார்கள். 1990 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஊரில் பெண்களும் கிழவர்களும்தான். பையன்கள் ஆடு மேய்க்க மலைக்குப் போய்விடுவார்கள், பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். அதனால் படிப்பறிவில் ஆண்களை விடப் பெண்கள் முன்னே நிற்கிற நாடு இது. என் வகுப்பிலேயே பார்க்கிறேன், பத்தாம் வகுப்பு வரும்போது பெஞ்சில் பையன்கள் குறைந்துவிடுகிறார்கள். பிறகு சுரங்கங்கள் ஆட்குறைப்புச் செய்தன. தூசி நுரையீரலோடு திரும்பி வந்தவர்கள் நிறைய. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. அப்பா அம்மா இல்லாமல் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எனக்கு எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை.

அடுத்து விற்றது தண்ணீர். பொதுப்பணித்துறையில் காலம் தள்ளிய உனக்கு இதுதான் ருசிக்கும், கேள். மலிபமாட்சோ ஆற்றில் கட்சே அணை, 1996இல் முடிந்தது. இடுக்கி மாதிரியே இரட்டை வளைவுக் கான்கிரீட் அணை. இடுக்கி சுமார் 169 மீட்டர், இது 185. ஆனால் உச்சியின் நீளம் 710 மீட்டர், இடுக்கியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கிருந்து மலையைக் குடைந்து 45 கிலோமீட்டர் சுரங்கம், முவேலாவில் 72 மெகாவாட் மின்சாரம், அங்கிருந்து இன்னொரு சுரங்கம் எல்லையைத் தாண்டி அக்கரை ஆற்றில் கொண்டுபோய் விடுகிறது. பம்ப் கிடையாது! முழுக்கச் சரிவிலேயே ஓடி ஜொஹானஸ்பர்க் வட்டாரம் வரை தண்ணீர் போகிறது. உயரத்தைத் தவிர ஒன்றுமில்லாத நாடு, அந்த உயரத்தையே காசாக்கியிருக்கிறது. ஒப்பந்தம் 1986இல் போட்டது, அன்று அக்கரையில் நிறவெறி அரசாங்கம். 1998இல் தேர்தல் கலவரத்தின்போது தென்னாப்பிரிக்கப் படை உள்ளே வந்தது. மசேருவில் கடைவீதி எரிந்தது. ஆனால் படை போன இடங்களில் ஒன்று கட்சே அணை. காவலுக்கு நின்ற லெசோத்தோ சிப்பாய்கள் பலர் அங்கே செத்தார்கள். தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தில் லஞ்சம் வாங்கிய தலைமை அதிகாரிக்கு 2002இல் இங்கேயே தண்டனை கொடுத்தார்கள். கொடுத்த கனடா நிறுவனத்தையும் ஜெர்மன் நிறுவனத்தையும் கூடக் கோர்ட்டில் நிறுத்திக் குற்றவாளி என்று தீர்த்தார்கள். இவ்வளவு சின்ன நாடு செய்ததை நம் ஊர்களில் நினைத்துப் பார். ஆனால் அணையை ஒட்டிய கிராமங்களில் பெண்கள் இன்னும் ஊற்றுத் தண்ணீரைத் தலையில் சுமந்து வருகிறார்கள். அந்த மலைச்சரிவில் நின்றுகொண்டு ஏரியைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வருமானம் அரசாங்கக் கஜானாவுக்கு வருகிறது என்ற சமாதானம் குடத்தோடு நடப்பவளுக்கு என்ன பிரயோஜனம்?

அக்கரை நிலத்தை இவர்கள் மறக்கவில்லை. 2023இல் நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர், ஃப்ரீ ஸ்டேட்டோடு மற்றப் பகுதிகளையும் சேர்த்து லெசோத்தோவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்மானமே கொண்டுவந்தார். நடக்கிற காரியமா? தினசரி ரொட்டிக்கான மாவு அக்கரையிலிருந்துதான் வருகிறது. இங்கே தென்னாப்பிரிக்கப் பணமான ராண்டும் இந்த நாட்டுப் பணமான மலோட்டியும் சம மதிப்பு, கடையில் இரண்டும் செல்லும். பாலத்தைத் தாண்டினால் மலோட்டியை யாரும் தொட மாட்டார்கள். தேசிய உடையான அந்தக் கம்பளி கூட நெய்யப்படுவது தென்னாப்பிரிக்காவில்தான். இருந்தும் அக்கரையோடு சேர்ந்துவிடலாமா என்று கேட்டுப் பார், முகம் மாறிவிடும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மக்காச்சோள மாவைக் கிளறிக் கீரையோடு தருகிறார்கள். சோளத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் மொடோஹோ என்ற கஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் நம் கம்பங்கூழேதான். உப்பு மிளகாய்க்குப் பதில் சர்க்கரை போடுகிறார்கள், அதுதான் சகிக்கவில்லை.

நீ வருவதாக எழுதியிருப்பது நிஜமா, பேச்சுக்கா? நிஜமென்றால் செப்டம்பர் கடைசியில் வா, பீச் மரங்கள் பூத்திருக்கும், குளிரும் அடங்கியிருக்கும். ஜொஹானஸ்பர்க்கிலிருந்து மசேருவுக்கு ஒரு மணி நேர விமானம் இருக்கிறது. ரோட்டில் வருவதென்றால் தென்னாப்பிரிக்க விசாவும் தனியாக எடுக்க வேண்டும். கட்சேவுக்கு நானே கூட்டிப்போகிறேன், அணைக்குள்ளே இறங்கிப் பார்க்க அனுமதிப்பார்கள். வரும்போது அப்பளமும் ரெண்டு பாக்கெட் சுக்குக் காப்பித் தூளும் போதும், வேறு எதையும் சுமந்து வராதே. போர்வெல் என்ன ஆயிற்று, தண்ணீர் வந்ததா? அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுது.

அன்புடன்,
கிருஷ்ணன்