பி-டென் ஆன்டிபாடி ஊசியில் போடுகிற மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பி-டென் (PTEN) புரதத்தைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை இங்கே டர்பனில் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதைக் காட்டி, "தம்பி, உன் லேபில் இந்த ஆன்டிபாடி இருக்காமே, மாமாவுக்குப் போட முடியுமா?" என்று கேட்டார். மாமாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்.

இருக்கிறது. ஆனால் அது மருந்தல்ல. "புதிய ஆன்டிபாடி" என்று எழுதிவிட்டு அது என்ன செய்யும் என்று சொல்லாமல் விட்டதால் வந்த வினை. புற்றுநோய்க்கு உடம்பில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்துகளும் இருப்பதால் மக்கள் குழம்பத்தான் செய்வார்கள். எங்கள் ஃப்ரீசரில் இருப்பது 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு சொட்டு. விலை சில நூறு டாலர். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிளிலேயே இருக்கும். பி-டென் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அது செல்லில் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

1997-இல் கண்டுபிடிக்கப்பட்ட பி-டென், செல்லைப் பெருகத் தூண்டும் ஏகேடி சமிக்ஞையை அடக்கி வைக்கும் புரதம். பல புற்றுநோய்களில் இது காணாமல் போகிறது. வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையில் செல்லின் புரதங்களை ஜெல்லில் ஓட்டி எடைவாரியாகப் பிரிப்போம்; ஆன்டிபாடி ஒட்டிய இடம் கோடாகத் தெரியும். ஆகவே பி-டெனைப் பொறுத்தவரை கோடு விழாததுதான் சேதி. சிக்கலும் அங்கேதான். பி-டென் கோடு விழவேண்டிய 54 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு) பக்கம் வெறுமையாக இருந்தால், செல்லில் பி-டென் இல்லாமல் இருக்கலாம். ஆன்டிபாடி கெட்டுப்போயும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே அது கெட்டுப்போக வழிக்கா பஞ்சம்? கடல் கடந்து ஐஸில் வரும் பெட்டி வெள்ளிக்கிழமை கிடங்கில் மாட்டினால் திங்கள்வரை கிடக்கும். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஃப்ரீசரைப் பற்றிய கவலை வேறு. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். டீசல் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் ஒவ்வொரு ஜெல்லிலும் ஆய்வகங்களில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல் வகைகளான ஹீலாவையும் பிசி-3-ஐயும் பக்கத்தில் ஓட்டுவோம். ஹீலாவில் பி-டென் உண்டு. புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து எடுத்த பிசி-3-இல் கிடையாது. முதலாவதில் கோடு விழுந்து, இரண்டாவதில் விழாமல் இருந்தால்தான் நோயாளியின் மாதிரியைப் பற்றியே பேசுவோம். எல்லாவற்றிலும் புரதம் சம அளவில் ஏறியதா என்று பார்க்க, செல்களில் பொதுவாக இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தின் கோட்டையும் ஒப்பிடுவோம். புதுக் குப்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கும், பல ஆன்டிபாடிகள் கலந்த பாலிகுளோனல் ஆன்டிபாடி தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். மரபு வரிசை தெரிந்த, அதை வைத்து எப்போதும் ஒரே மாதிரி தயாரிக்கக்கூடிய ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகளுக்கு மாறுங்கள் என்று 2015-இலேயே நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். விலையைப் பார்த்து இன்னும் பழையதையே வாங்குகிற லேப்கள் உண்டு.

மாமாவின் பயாப்ஸி சதையில் பி-டென் சோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி அக்காவை அனுப்பினேன். அது நோயியல் ஆய்வகத்தில், அதற்கென்று தனியாகச் சரிபார்த்த ஆன்டிபாடியை வைத்துச் செய்கிற வேலை.

கட்டுரையோடு போட்ட படத்தில் வெறும் இடம் ஒன்று மட்டும் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் எந்தச் செல்லை ஓட்டினார்கள் என்று ஆய்வாளர்களிடம் கேட்டு ஒரு வரி வெளியிடுவீர்களா?

ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்