எல்லைக்கல் இல்லாத உரிமைகோரல்: காப்புரிமை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்புரிமை ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். அரிசி ஆலைகளில் ஓடும், நிறத்தைப் பார்த்துக் குறையுள்ள மணிகளைப் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதும், சிறிய ஆலைகளுக்குச் சொந்தமாகவே அவற்றைச் செய்து கொடுப்பதும் எங்கள் பட்டறையின் தொழில். கோவையில் இருக்கிறோம், வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் காங்கேயம் பக்கத்து ஆலைக்காரர்கள். வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் காப்புரிமை இதழை விடாமல் புரட்டுவது என் வழக்கம். சில வாரங்களுக்கு முன் எங்கள் தொழிலையே தொடுகிற ஒரு விண்ணப்பம் அதில் கண்ணில் பட்டது. கண்டுபிடிப்பை விளக்கி அதனுடன் கொடுத்திருந்த முழு விவரக்குறிப்பையும் எடுத்து இரண்டு இரவுகள் படித்தேன். படித்து முடித்த பிறகும், அவர்கள் எதைத் தங்களுடையது என்று கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

விண்ணப்பித்தவர் பெயரையும் எண்ணையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள்மேல் எனக்குப் பகை கிடையாது. இதே குறையைப் பலருடைய விண்ணப்பங்களிலும் பார்த்துவருகிறேன்.

இயந்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள தொட்டியிலிருந்து அரிசி அதிர்தட்டு வழியாக இறங்கி, சாய்ந்த சரிவில் மணி மணியாக வழுக்கி வருகிறது. சரிவின் முனையைத் தாண்டி அது காற்றில் விழும் இடத்தில், முன்னும் பின்னும் விளக்குகள், எதிரே கேமராக்கள். கருத்த மணி, பழுத்த மணி, உமி நீங்காத நெல், கல் எது வந்தாலும் கேமராவில் விழும் ஒளி மாறும். அந்த மாற்றம் நாம் வைத்த வரம்பைத் தாண்டினால், சற்றுக் கீழே உள்ள காற்று வால்வு கண நேரம் திறந்து அந்த ஒரு மணியை மட்டும் ஊதித் தள்ளும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழும் மணி, கேமராக் கோட்டிலிருந்து 9 சென்டிமீட்டர் கீழே உள்ள வால்வை அடைய 30 மில்லி விநாடிதான் ஆகும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, ஊதியாக வேண்டும். இந்தத் தொழிலில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பொருள் உண்டு.

இனி அந்த விண்ணப்பத்தின் முதல் உரிமைகோரல், அதாவது எது தங்களுக்கு மட்டும் உரியது என்று அவர்கள் கேட்கும் வாசகம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: பார்வைப் பகுதிக்கு அருகில் அமைந்து கணிசமாகச் சீரான ஒளியைப் பாய்ச்சும் ஒளிமூலமும், தானியத்திலிருந்து வரும் ஒளியைப் பெறும் குறைந்தது ஓர் உணரியும் (கேமரா போன்றது), மேற்சொன்ன இரண்டாம் உணரியின் சமிக்ஞையைப் பொருத்தமான வரம்புடன் ஒப்பிட்டுக் குறையைத் தீர்மானிக்கும் செயலகமும் (முடிவெடுக்கும் மின்னணுப் பகுதி) கொண்ட கருவி.

"அருகில்" என்றால் எவ்வளவு அருகில்? எங்கள் பட்டறையில் இப்போது பிரித்துப் போட்டிருக்கும் ஒரு பழைய இயந்திரத்தில், குழல்விளக்கு பார்வைக் கோட்டிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நான் புதிதாகச் செய்துகொண்டிருக்கும் இயந்திரத்தில் எல்இடி பட்டை 6 சென்டிமீட்டரில் இருக்கிறது. இரண்டும் அருகில்தானா? 11 சென்டிமீட்டரும் அருகில் என்றால், இவர்கள் கேட்பது பல ஆண்டுகளாக ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சரக்கு. 2 சென்டிமீட்டர்தான் அருகில் என்றால், ஒருவேளை புதிதாக ஏதோ செய்திருக்கிறார்கள். அப்படியானால் என் இயந்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் அச்சமே இங்கேதான் இருக்கிறது. உங்கள் முன்னால் நிற்கும்போது அந்தச் சொல் சுருங்கிக்கொள்ளும்: "ஐயா, நாங்கள் சொல்வது மிக நெருக்கமான அமைப்பு, பழைய இயந்திரங்கள் இதில் வரா." உரிமை கைக்கு வந்த பிறகு என் வாசலில் வந்து நிற்கும்போது அதே சொல் விரிந்துகொள்ளும்: "6 சென்டிமீட்டரும் அருகில்தானே?"

"கணிசமாகச் சீரான ஒளி" என்பதையும் பாருங்கள். காங்கேயத்தில் ஓர் ஆலையில் ஒளிமானியை வைத்து நானே அளந்திருக்கிறேன். சரிவின் நடுவில் 100 என்றால், இரு ஓரங்களிலும் 86, 88 என்று நின்றது. கண்ணாடியில் படிந்திருந்த தவிட்டுத் தூசியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தபோது ஓரங்கள் 93க்கு வந்தன. ஒரே விளக்கு, ஒரே இயந்திரம், ஒரே காலைப்பொழுது. துடைப்பதற்கு முன் அது சீரான ஒளியா, துடைத்த பிறகுதான் சீரான ஒளியா? எந்த அகலத்துக்கு, எந்தப் புள்ளிகளில், எதை வைத்து அளப்பது? விவரக்குறிப்பின் எந்தப் பக்கத்திலும் விடை இல்லை. தவிடு துடைத்தால் ஒருவனுடைய இயந்திரம் அடுத்தவருடைய உரிமைக்குள் நுழைந்துவிடும் என்றால், அது என்ன எல்லை?

"மேற்சொன்ன இரண்டாம் உணரி" என்கிறார்கள். மேலே ஓர் உணரிதான் சொல்லப்பட்டிருக்கிறது. "குறைந்தது ஓர்" என்று தொடங்கியதால், ஒரே கேமரா உள்ள இயந்திரமும் இதில் அடங்குமா, இரண்டு இருந்தால்தான் அடங்குமா என்பது தெரியவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம். ஆனால் சிறிய ஆலைக்காரர் வாங்குவது ஒரு கேமரா இயந்திரம்தான், அதைத்தான் நான் செய்கிறேன். "பொருத்தமான வரம்பு" பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதற்குப் பொருத்தம், யாருக்குப் பொருத்தம் என்ற கேள்விக்கு உலகத்தில் எவரும் பதில் சொல்ல முடியாது.

ஊரில் ஐந்து சென்ட் நிலம் வாங்கினாலும் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோம். கிழக்கே இன்னாருடைய தோட்டம், தெற்கே வண்டிப்பாதை, இன்ன சர்வே எண், இத்தனை அடி என்று நான்கு எல்லையும் வராமல் எந்தப் பத்திர எழுத்தரும் கிரயம் எழுத மாட்டார். "ஆற்றுக்கு அருகில் கணிசமான நிலம்" என்று எழுதிக்கொண்டு போனால் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். உரிமைகோரல் என்பது அறிவுக்கு எழுதும் செக்குபந்தி. அடுத்தவர் எல்லாரையும் 20 ஆண்டுகள் வெளியே நிறுத்தும் உரிமை அதற்கு உண்டு. எங்கே நிற்க வேண்டும் என்பதை வெளியே நிற்பவருக்கு அது சொல்லியாக வேண்டாமா?

சட்டம் இதைச் சொல்லாமல் விடவில்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, (5)ஆம் உட்பிரிவு, உரிமைகோரல் தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும், விவரக்குறிப்பில் வெளியிட்ட செய்தியை நியாயமாகச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு அடித்தளமிட்டது 1959இல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் அளித்த அறிக்கை. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் அவர். நம் ஊர்க்காரர் ஒருவர் உழைத்த சட்டம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதனால் உரிமையோடு கேட்கிறேன்.

இந்தப் பொறுப்பை ஏன் உங்கள் தோளில் வைக்கிறேன் என்பதற்கும் காரணம் உண்டு. உரிமை வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்க 25ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அங்கே அடுக்கப்பட்டிருக்கும் பதினோரு காரணங்களில், கண்டுபிடிப்பை விவரக்குறிப்பு போதுமான அளவு, தெளிவாக விவரிக்கவில்லை என்பது இருக்கிறதே தவிர, உரிமைகோரலின் எல்லை தெளிவில்லை என்பது தனிக் காரணமாகப் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. வழங்கியது இதழில் வெளியான ஓராண்டுக்குள் தொடுக்கும் எதிர்ப்புக்கும் ஏறக்குறைய அதே பட்டியல்தான். எல்லை தெளிவில்லை என்பதை நேரடியாகச் சொல்லும் இடம் 64ஆம் பிரிவு. அது காப்புரிமையை நீக்கக் கோரும் வழக்கு. 2021இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு அதற்கு உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நான்கு பேர் வேலை பார்க்கும் பட்டறை உயர்நீதிமன்றப் படியேறினால் இயந்திரம் செய்வது யார்? அந்தப் படிக்கு வருவதற்கு வெகுமுன்பே, தெளிவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பும் பேனா உங்கள் கையில் இருக்கிறது.

மற்ற நாடுகளிலும் இந்தக் கதவு இப்படித்தான் இருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு அமர்வு 2015இல் ஒரு முடிவைச் சொன்னது: வழங்கப்பட்ட உரிமைகோரலின் தெளிவின்மையை எதிர்ப்பு நடவடிக்கையில் எழுப்ப முடியாது; பின்னர் செய்த திருத்தத்தால் புதிதாக வந்த தெளிவின்மையை மட்டுமே எழுப்பலாம். வாசலில் தவறவிட்டதை உள்ளே போய்ப் பிடிப்பது அங்கேயும் அரிதுதான். அமெரிக்காவில் 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று, உடற்பயிற்சிக் கருவியின் கைப்பிடியில் இதயத் துடிப்பை அறியும் சாதனம் பற்றியது. இரண்டு மின்முனைகள் "இடைவெளி உறவில்" இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு இடைவெளி என்பதுதான் சண்டை. துறை அறிந்தவருக்கு எல்லை நியாயமான உறுதியுடன் தெரிய வேண்டும் என்று நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. வழக்கு கீழே திரும்பிப் போனபோது அந்தச் சொல் தப்பித்தது. விவரக்குறிப்பையும் படங்களையும் வைத்து, கையின் அகலத்தைவிட அதிகமாக இருக்க முடியாது என்றும், இரண்டும் ஒன்றாகிவிடும் அளவுக்குக் குறுகவும் முடியாது என்றும் நீதிபதிகளால் எல்லை காண முடிந்தது.

அந்தத் தீர்ப்பின் பின்பகுதி எனக்கு முக்கியம். "ஏறக்குறைய", "கணிசமாக" போன்ற சொற்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டறையில் எந்த அளவும் நூலிழை சுத்தமாக வராது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அளக்க ஒரு கோல் விவரக்குறிப்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவுக்கும் ஓரத்துக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இல்லாத ஒளி, இன்ன அகலத்தில் இத்தனை புள்ளிகளில் அளந்தது என்று ஒரு வரி இருந்துவிட்டால், "கணிசமாகச் சீரான" என்பதும் நேர்மையான சொல்லாகிவிடும்.

இதை நான் என் அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் வால்வு அமைப்பு ஒன்றுக்கு நானும் விண்ணப்பித்தேன். முதல் ஆய்வறிக்கை வந்தபோது, "முன்தீர்மானித்த தாமதம்" என்ற சொல்லுக்கு எதிரே 10ஆம் பிரிவு (5) என்று எழுதியிருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் நிதானமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான், அந்தத் தாமதத்தை மணி விழும் வேகத்தோடும் வால்வின் தூரத்தோடும் சேர்த்துச் சொல்லாமல் விட்டிருப்பது தெரிந்தது. நல்ல வேளையாக, விவரக்குறிப்பில் ஓர் அட்டவணையில் அந்த எண்கள் இருந்தன. ஏற்கெனவே கேட்டதைக் குறுக்கலாமே தவிர, இல்லாத செய்தியைப் பிறகு கொண்டுவந்து சேர்க்க 59ஆம் பிரிவு விடாது. அட்டவணை மட்டும் இல்லாதிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஆய்வாளர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் எழுதிய இரண்டு வரி என் உரிமையைக் கெட்டியாக்கியது. அந்த இரண்டு வரியைத்தான் இந்த விண்ணப்பத்துக்கும் கேட்கிறேன்.

உங்கள் மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும் என்பதை அறிவேன். ஒளியியல் கருவி பற்றிய விண்ணப்பம் வரும்போது, அளவைக் குறிக்கும் ஒவ்வொரு தளர்ந்த சொல்லின் கீழும் கோடு போட்டு, இதற்கான அளவீட்டு முறை எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று விண்ணப்பதாரரிடமே கேளுங்கள். பக்கம் காட்ட முடிந்தால் அந்த எண் உரிமைகோரலுக்குள் வரட்டும். காட்ட முடியாவிட்டால் சொல் வெளியே போகட்டும். "குறையைத் தீர்மானிக்கும் செயலகம்" என்று பலனை மட்டும் சொல்லி வழியைச் சொல்லாத இடத்தில், எப்படித் தீர்மானிக்கிறது என்று கேளுங்கள். எல்லா இயந்திரமும் குறையைத்தான் தீர்மானிக்கிறது. விசாரணையில் விண்ணப்பதாரர் வாய்மொழியாக "அருகில் என்றால் 2 சென்டிமீட்டருக்குள்" என்று சொன்னால், ஆணையில் அதைப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு அந்த ஒரு வரிதான் என்னைப் போன்றவர்களுக்குத் துணை.

அடுத்த மாதம் காங்கேயத்துக்கு ஓர் இயந்திரம் அனுப்ப வேண்டும். இயந்திரத்தின் சட்டகம் பூட்டியாகிவிட்டது, எல்இடி பட்டை 6 சென்டிமீட்டரில் திருகி நிற்கிறது. அதை அப்படியே விடுவதா, தள்ளி வைப்பதா என்று என் பையன் தினமும் கேட்கிறான். தள்ளி வைத்தால் ஓரங்களில் ஒளி குறையும், பழுத்த மணி தப்பிப் போகும். "அருகில்" என்ற சொல்லுக்கு எதிரே ஓர் எண் வந்தால் அன்றே அவனுக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
கலர் சார்ட்டர் பட்டறை நடத்தும் ஒருவன்,
கோயம்புத்தூர்