சேவியருக்கு, சீஷெல்ஸ் போய்வந்த கதை

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபப்படாதே, நடுவில் பத்து நாள் நான் ஊரிலேயே இல்லை. துபாயில் இருக்கிற மூத்தவளும் மருமகனும் எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்காக எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. கடலிலிருந்து தப்பிக்கத்தானே நான் பேங்க் பரீட்சை எழுதினேன்!

போனது சீஷெல்ஸ் தீவுகளுக்கு. ஏழு நாளைக்கு ஒரு கேட்டமரான், கேப்டனோடும் சமையல்காரப் பெண்ணோடும் சேர்த்து வாடகைக்கு. விஷயத்தைக் கேட்டதும் ஸ்டெல்லா, "கட்டுமரத்துல ஏழு நாள் எங்கே படுக்கிறது?" என்றாள். பயம் நியாயமானதுதான். மாஹே தீவில் படகுத்துறைக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. 45 அடி நீளம், 25 அடி அகலம். இரண்டு ஒல்லியான ஓடங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, மேலே ஒரு வீட்டைக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. நான்கு படுக்கையறை, ஒவ்வொன்றுக்கும் கழிப்பறை. முன்பக்கம், அணியத்தில், இரண்டு ஓடங்களுக்கும் நடுவே வலை கட்டியிருக்கிறது. பேரனும் பேத்தியும் ஏழு நாளும் அதை விட்டு இறங்கவில்லை. கேப்டனும் அந்தப் பெண்ணும் மட்டும் ஓடங்களின் மூக்குக்குள் இருக்கும் பெட்டி மாதிரி அறைகளில் படுத்தார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் நாளே மாஹேயிலிருந்து பிராலின் தீவுக்குப் பாய் விரித்தோம். சுமார் 45 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேரப்பிள்ளைகளுக்கு ஜூலையில்தான் லீவு. அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று, ஜூலையில் அது நல்ல பலத்தோடு இருக்கும். அப்பா இருந்திருந்தால் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் தெற்கிலிருந்து வரும் சோழகமும் கலந்த காற்று என்றிருப்பார். காற்று பக்கவாட்டில் வந்ததால் படகு பறந்தது. ஆனால் சாயவே இல்லை, தெரியுமா! மேசைமேல் வைத்த டீ அப்படியே இருந்தது. ஒரே தொல்லை, அலை குட்டையாக வரும்போது இரண்டு ஓடங்களுக்கும் நடுவே புகுந்து வீட்டின் அடியில் 'டமார்' என்று அறையும். ஸ்டெல்லா ஒவ்வொரு அறைக்கும் ஒரு 'மாதாவே' போட்டாள். மருமகன் பாதி வழியிலேயே வாந்தி. நான் கொழுவித் தூண்டில் போட்டு ஒரு சூரையைப் பிடித்தேன். நாற்பது வருடம் பேனா பிடித்த கை, இருந்தாலும் மறக்கவில்லை.

அந்தச் சூரையை விட மறக்க முடியாதது லா டீக் தீவில் சாப்பிட்ட பேய்க்கணவாய், அதுதான் ஆக்டோபஸ். சமையல்காரப் பெண் தேங்காய்ப்பால் ஊற்றி மசாலா போட்டு வைத்திருந்தாள். பெயர் கேட்டால் 'கறி கோகோ' என்கிறாள். 'கறி' என்று நம் வாயால் சொல்வது மாதிரியே சொன்னாள். ஸ்டெல்லா அடுப்படிக்குள் புகுந்துவிட்டாள். ஒருத்திக்கு அந்த ஊர்க் கிரியோல் மொழி, ஒருத்திக்குத் தமிழ், இடையில் உடைந்த ஆங்கிலம். எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ, கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ஒரு ராத்திரி பின்பக்கம் அமரத்தில் உட்கார்ந்து கேப்டனிடம், "கேட்டமரான் எங்கள் வார்த்தை" என்றேன். மனுஷன் நம்பவில்லை. கட்டு என்றால் இது, மரம் என்றால் இது என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். வரைந்ததைப் பார்த்துவிட்டு, "இதில் ஓடம் எங்கே? வெறும் கட்டைகள்தானே?" என்றார். நியாயமான கேள்வி. நம்முடையது கட்டைகளை ஒட்டி ஒட்டி வைத்துக் கயிற்றால் கட்டுவது, தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும். இடைவெளி விட்டு இரண்டு ஓடங்களைப் பிணைக்கும் வித்தை பசிபிக் தீவுக்காரர்களுடையது. சோழமண்டலக் கரையில் இந்தச் சொல்லைக் கேட்டு 1697இல் அச்சில் ஏற்றியவர் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி. பெயர் மட்டும் நம்மிடமிருந்து போய் வேறு படகின்மேல் ஏறிக்கொண்டது. 1876இல் நத்தானியல் ஹெர்ஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை ஓடப் படகு ஒன்றைச் செய்து நியூயார்க் போட்டியில் எல்லோரையும் தோற்கடித்தாராம், உடனே இது செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். கேப்டன் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

கியூரியூஸ் தீவில் ராட்சத ஆமைகள் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே வருகின்றன. ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த தீவு அது, டாக்டரின் பழைய வீடு இன்னும் நிற்கிறது. பிராலினில் இரட்டைத் தேங்காய் காய்க்கும் காட்டையும் பார்த்தோம். உலகத்திலேயே பெரிய விதை அதுதான். விக்டோரியா நகரத்தில் நவசக்தி விநாயகர் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் பேத்தி, "தாத்தா, நாகர்கோவில் வந்துட்டோமா?" என்றாள்.

சரி, இப்போது உன் விஷயம். வரும் ஏப்ரலில் உன் மகன் இப்படி ஒரு பயணத்துக்குக் கூப்பிடுகிறான் என்று எழுதியிருந்தாய். ஏப்ரலில் அங்கே காற்று திசை மாறும் இடைக்காலம். கடல் குளம் மாதிரி கிடக்கும், மூழ்கி மீன் பார்க்க நல்லது. ஆனால் பாய்க்கு வேலை இருக்காது, இன்ஜினில்தான் ஓடும். அதனால் டீசல் வாடகையில் அடங்குமா என்று முதலிலேயே கேட்கச் சொல். எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த ஆள் 'எல்லாம் சேர்த்து' என்றார். கடைசி நாளில் டீசல், கடல் பூங்காக் கட்டணம், பானங்கள் என்று தனி பில் வந்தது. கேப்டனுக்கும் சமையல்காரப் பெண்ணுக்கும் கொடுக்கும் அன்பளிப்பு வேறு, வாடகையில் பத்தில் ஒரு பங்கு வழக்கமாம். மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டியது. மருமகன் மூச்சு விடவில்லை, பேத்திதான் உளறிவிட்டாள்.

பெட்டி கொண்டுபோகாதே, மடிக்கிற துணிப்பை போதும். படகில் செருப்புக்கு இடமில்லை, ஏறும்போதே கழற்றிவிட வேண்டும். குளிக்க இரண்டு நிமிடம்தான். கழிப்பறையில் காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். போன் எடுக்கிற இடமும் குறைவு, அது உனக்கு நல்லதுதான்.

இன்னொன்று. கேப்டன் நங்கூரம் போட்டதும் குதித்து நீந்திப் போய் அது மண்ணில் கடித்திருக்கிறதா என்று பார்ப்பார், பவளத்தின்மேல் விழக் கூடாது என்பதற்காக. மூன்றாம் நாள் நானும் கூடக் குதித்தேன். அறுபத்தெட்டு வயதில்! மேலே வந்ததும் ஸ்டெல்லா இரண்டு நாள் பேசவில்லை. ஆகவே நீ குதிப்பதாக இருந்தால் மேரி தூங்கும் நேரமாகப் பார்த்துக்கொள்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். அடுத்த முறை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்து அனுப்பு. இங்கே கடையில் கிடைப்பதில் முக்கால்வாசி உப்புதான்.

அன்புடன்,
ஜெரோம்