சுவரில் ஒட்டியிருக்கும் அந்த 'விதை'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளியலறைச் சுவரில் விதை போல ஒட்டிக்கொண்டு நகர்வது என்ன என்று சென்ற இதழின் கேள்வி-பதிலில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "துணி அரிக்கும் பூச்சி, உடனே மருந்து அடியுங்கள்" என்று பதில் வந்திருந்தது. பூச்சி என்பது சரி. மற்றதெல்லாம் அவசரம்.

அது ஃபெரியோயிக்கா பேரினத்து அந்துப்பூச்சியின் புழு. பூசணி விதை மாதிரி தட்டையாக, நடுவில் அகன்று, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும் அந்தக் கூட்டை அதுவே கட்டிக்கொள்கிறது. உள்ளே பட்டு இழை. வெளியே மணல், தூசி, நூல் பிசிறு, கைக்குக் கிடைத்த எல்லாம். (புழுவுக்கு ஏது கை என்று கேட்காதீர்கள்.) கூட்டுக்கு இரண்டு வாசல். ஒரு பக்கம் தொட்டால் தலையை இழுத்துக்கொள்ளும்; உள்ளேயே திரும்பி, அப்புறம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இதை வேடிக்கை பார்த்தே பல காலைகளில் எனக்கு நேரம் போயிருக்கிறது.

வளர்ந்த அந்து கண்ணில் படுவது அபூர்வம். சிறகை விரித்தாலும் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுதான். ஆண் இன்னும் சிறியது. சாம்பல் நிறம், முன்சிறகில் கரும்புள்ளிகள், பின்சிறகின் ஓரத்தில் நீண்ட மயிர் விளிம்பு. இந்தியா, இலங்கை, ஜாவா, சேஷெல்ஸ், ஹவாய் எனப் பரவியிருப்பது அலுட்டெல்லா என்ற இனம். 1897இல் வால்சிங்ஹாம் என்ற பூச்சியியலாளர் விவரித்த யுட்டெரெல்லா என்ற இன்னொரு இனம், ஃபுளோரிடா, பிரேசில் பக்கம் வாழ்வது. காற்றில் ஈரம் இல்லாத இடத்தில் இவற்றால் காலம் தள்ள முடியாது. குளியலறையைத் தேடி வருவது அதனால்தான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதன் முக்கிய உணவு பழைய ஒட்டடை. சிலந்தி கைவிட்ட வலையைத் தின்றே வளர்ந்துவிடும். செத்த பூச்சிகளும் உதிர்ந்த முடியும் கூடுதல் விருந்து. கம்பளி கிடைத்தால் கடிக்கும், அது உண்மை. பருத்தியைத் தொடாது. பிறகு அலமாரியில் இருக்கும் பருத்திச் சேலைக்கும் சட்டைக்கும் ஏன் மருந்து?

ஒட்டடை அடித்து, ஜன்னலைத் திறந்து ஈரம் காயவிட்டாலே தானாகக் குறைந்துவிடும். கண்ணில் பட்ட கூடுகளைக் கையாலேயே எடுத்து வெளியே போடலாம். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் வெளியிட்டால், அந்த வாசகர் மருந்து வாங்குவதற்கு முன் படித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒட்டடைக் குச்சியோடு ஒரு வாசகர்