கடைசிக் கோப்பிலிருந்து தொடங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்றதில் நிம்மதி. இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறது, பொறுமை இறங்கிக்கொண்டே போகிறது. மகள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், உன் புதுப் பொறுப்புக்கும் அது உதவும்.

இத்தனை காலம் இயந்திரங்களைக் கட்டி மேய்த்த உன்னைப் பிடித்து மனிதவளத் துறையின் தலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். "மிஷின் கெட்டுப்போனால் சத்தம் போட்டுச் சொல்லும், மனிதர்கள் சிரித்துக்கொண்டே ராஜினாமா கொடுக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதை இங்கே இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். பாடநூலைத் திறந்தால் திட்டமிடல், ஆள்சேர்ப்பு, பயிற்சி, மதிப்பீடு, ஊதியம், தொழிலுறவு என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய்.

கடைசியிலிருந்து தொடங்கு. முதல் வேலையாக, போன இரண்டு வருடங்களில் விட்டுப் போனவர்களின் கோப்புகளை எடுத்து மேஜைமேல் வை. ராஜினாமாக் கடிதத்தில் எழுதியிருக்கும் காரணத்தைப் படித்து நேரத்தை வீணாக்காதே. எல்லாவற்றிலும் "சொந்தக் காரணம்", "மேற்படிப்பு", "நல்ல வாய்ப்பு" என்றுதான் இருக்கும். அனுபவச் சான்றிதழ் கைக்கு வருகிற வரை எவனும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல மாட்டான். தேதிகளைப் பார். சேர்ந்து மூன்று மாதத்துக்குள் போனவர்கள் அதிகமா? தேர்வு செய்த விதத்திலோ, வந்தவரை வரவேற்ற விதத்திலோ கோளாறு. இரண்டு மூன்று வருடத்தில் போகிறார்களா? சம்பளத்தையும் வளர்ச்சியையும் பார். ஒரே பிரிவிலிருந்து வரிசையாகப் போயிருக்கிறார்களா? அந்தப் பிரிவின் மேலாளரைக் கூப்பிட்டுப் பேசு. பத்து வருடம் இருந்தவர் போயிருந்தால், அவருக்கு முன்னால் யாருக்குப் பதவி உயர்வு கொடுத்தீர்கள் என்று பார். பாடநூல் தனித்தனி அத்தியாயமாகச் சொல்கிற ஒவ்வொரு பணியும் எங்கே அறுந்திருக்கிறது என்பது இந்தக் கோப்புகளில்தான் கிடக்கிறது.

1913-இல் ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு நகரும் அசெம்பிளி லைன் வந்தது. வேலை வேகமானது, சலிப்பும் கூடியது. ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கிக்கொண்டு எத்தனை நாள் நிற்பான் மனிதன்? ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே வருடத்தில் 52,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார்கள். அதுவரை இருந்ததைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட. வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டானது. 370 சதவீதமாக இருந்த ஆள்மாற்றம், அதாவது நூறு இடத்துக்கு வருடத்தில் எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்ற கணக்கு, 1915-இல் 16 சதவீதத்துக்கு இறங்கியது.

இதை எல்லோரும் சம்பளக் கதையாகவே சொல்வார்கள். எனக்கு அதற்குச் சில மாதங்கள் முந்தி நடந்ததுதான் முக்கியம். ஜான் லீ என்ற நிர்வாகி 1913 அக்டோபரில் அங்கே ஒரு சீரமைப்பு செய்தார். ஆளுக்கு ஒன்றாக, போர்மேன் என்கிற மேற்பார்வையாளருக்கு ஒன்றாகக் கிடந்த 69 கூலி விகிதங்களை எட்டாகக் குறைத்தார்கள். போர்மேன் தன் இஷ்டத்துக்கு ஆளை வெளியே தள்ளும் அதிகாரத்தையும் எடுத்துவிட்டார்கள். எந்த வேலைக்கு என்ன மதிப்பு, யார் யாரை எதற்காக நீக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அப்போதுதான் ஒழுங்கான பதில் கிடைத்தது. மனிதவளத் துறை செய்கிற வேலையின் பாதி இதுதான் என்பேன். எல்லை மீறினால் எப்படி இருக்கும் என்பதற்கும் அதே ஃபோர்டுதான் உதாரணம். ஐந்து டாலர் வாங்கத் தகுதியானவனா என்று பார்க்க, தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று விசாரணை! இன்றைக்கு ஊழியரின் கணினியில் நிமிடத்துக்கு நிமிடம் படம் பிடிக்கிற மென்பொருளைப் பார்த்தால் எனக்கு அந்த விசாரணைக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கோப்புகளைப் பார்த்து முடித்ததும் நீ வந்து நிற்கப்போகும் இடம் பணி விவரம், ஜாப் டிஸ்கிரிப்ஷன். உங்கள் நிறுவனத்தில் அது எப்போது எழுதப்பட்டது என்று விசாரி. பெரும்பாலும் யாரோ எப்போதோ வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டதாக இருக்கும். ஒரு வேலையில் ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார், எதற்குப் பொறுப்பு, அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த வேலையைச் செய்பவரிடமே உட்கார்ந்து கேட்டு எழுது. அலுப்பான வேலை, யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் அது சரியில்லை என்றால் விளம்பரம் தவறாகப் போகும், தவறான ஆள் வருவார், தேவையில்லாத பயிற்சி கொடுப்போம், செய்யச் சொல்லாத வேலைக்கு மதிப்பெண் குறைப்போம். நீ பொறியாளன், வரைபடம் இல்லாமல் உதிரிபாகம் வாங்கமாட்டாய் அல்லவா, அவ்வளவுதான்.

அடுத்து நேர்காணல். இங்கே உன்னோடு சண்டை வரும், ஏனென்றால் உனக்கு ஆளைப் பார்த்ததும் எடைபோடத் தெரியும் என்ற நம்பிக்கை கல்லூரி நாளிலிருந்தே உண்டு. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போனபடி பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட நன்றாக ஆளைக் கணிக்கிறது என்று தெரிந்தது. 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அந்தக் கணக்குகளைத் திருத்தினார்கள். பல முறைகளின் மதிப்பு அதில் சரிந்தது, ஆனால் கேள்வியும் அளவுகோலும் முன்பே வரையறுத்த அந்த நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. எத்தனை வருட அனுபவம் என்பது இரண்டு தொகுப்பிலும் அடிமட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லா விளம்பரத்திலும் முதல் வரி அனுபவ வருடம்தான்! செய்யப்போகும் வேலையில் ஒரு துண்டைக் கொடுத்து, செய்து காட்டச் சொல். "உங்கள் பலவீனம் என்ன" என்று மட்டும் கேட்காதே. அதற்கான பதிலை எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறார்கள்.

மகள் கதைக்கு வருகிறேன். நல்ல நிறுவனம்தான், பேர் வேண்டாம். முதல் நாள் போனால் நாற்காலி இல்லை, கணினி இல்லை, அடையாள அட்டை இல்லை, மேலாளர் விடுப்பில். வரவேற்பறையில் நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான ஸ்லைடுகளைக் காட்டி உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்தவள், "அப்பா, நான் வருவது அவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இத்தனைக்கும் வேலைக்கான ஆர்டர் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உன் துறையில் காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது இந்த முதல் வாரம்தான். புதிதாக வருபவரின் மேஜை தயாரா, யாரோடு பேசுவார், முதல் மாதம் அவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி மேலாளர் கையில் கொடு.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிர்க்பேட்ரிக் என்பவர் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. நாமெல்லாம் முதல் படியிலேயே நின்றுவிட்டோம். பயிற்சி முடிந்ததும் ஒரு படிவம், ஐந்துக்கு நாலரை, குழுப் புகைப்படம். மூன்று மாதம் கழித்து மூன்றாம் கேள்வியை நீ மட்டும் கேட்டாலே பாதிப் பயிற்சிகளை நிறுத்திவிடுவாய்.

இனி அப்ரைசல், ஊழியரின் வேலையை மதிப்பிடுவது. நீ அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிந்தது. பயம் நியாயமானதே. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேலாளர்கள் போடும் மதிப்பெண்களில் தெரியும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல், போடுபவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வருகிறது என்று காட்டியது. அதாவது என் மதிப்பெண் என்னைவிட என் மேலாளரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஆட்களை வரிசைப்படுத்தி, அடியில் இருப்பவர்களை வெளியே அனுப்புகிற முறையும் கொஞ்ச காலம் ஓகோ என்று இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் பிரபலப்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் அந்த வரிசைப்படுத்தலை 2013-இல் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய வருடமே ஆண்டு மதிப்பீட்டை எடுத்துவிட்டு, அடிக்கடி பேசுவது என்று மாற்றிக்கொண்டது. உன்னால் ஒரே நாளில் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஒன்று மட்டும் செய். இன்க்ரிமென்ட் பேச்சையும் திறமையை வளர்க்கும் பேச்சையும் ஒரே உட்காரலில் வைக்காதே. பணம் மேஜைமேல் இருக்கும்போது எவரும் தன் குறையை ஒப்புக்கொள்ள மாட்டார், நீயும் நானும் உட்பட.

பதவி உயர்வும் இதோடு ஒட்டியதுதான். நன்றாக விற்பவரை விற்பனை மேலாளர் ஆக்குவோம், நல்ல தொழில்நுட்பக்காரரை அணித்தலைவர் ஆக்குவோம். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், நன்றாக விற்றவர்களுக்கே உயர்வு எளிதில் கிடைத்தது. ஆனால் மேலாளரானதும் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சரிந்தது. ஆளை நடத்தத் தெரியாத திறமைசாலிக்கு, ஆட்களைக் கையில் கொடுக்காமலே சம்பளமும் மரியாதையும் உயர ஒரு வழி வைத்துக்கொடு.

ஊதியத்தைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் இரண்டு விஷயம் போதும். சொன்ன தேதியில், சரியான கணக்கில் சம்பளம் போடு. பேரோலில் ஒரு சின்னப் பிடித்தம் தவறாகப் போனால், நீ வருடம் முழுக்க நடத்திய ஊழியர் விழாக்கள் எல்லாம் போச்சு. மற்றது, மனிதன் தன் சம்பளத்தை அளப்பது பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தோடு. சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951-இல் உடன்படிக்கை போட்டது. அதில் "சம மதிப்பு" என்பதை எதை வைத்துச் சொல்வாய்? மறுபடியும் அந்தப் பணி விவரம்தான்.

ஆட்திட்டமிடல் என்று ஓர் அத்தியாயம் முதலில் வருமே, அதை யாரும் செய்வதில்லை. அடுத்த மூன்று வருடத்தில் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள், அவர்கள் இடத்துக்கு யார் என்று ஒரு பட்டியல் போட்டால் மற்ற நிறுவனங்களைவிட நீ முன்னால் இருப்பாய்.

கடினமானது உன் இருக்கைதான். அமெரிக்காவில் கடைக் கல்லா இயந்திரங்கள் செய்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் 1901-இல் பெரிய தொழில் தகராறு. அது முடிந்த கையோடு நிறுவனத் தலைவர் ஜான் பேட்டர்சன் அங்கே தொழிலாளர் குறைகளையும் பணிநீக்கங்களையும் பார்க்கத் தனித்துறை அமைத்தார். நம் துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். சண்டையில் பிறந்த துறை, அதை மறக்காதே. சம்பளம் தருவது நிர்வாகம், நம்பி வந்து சொல்வது ஊழியர். ஊழியர் பக்கம் நிற்பதாக நீ வேஷம் போட்டால் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நடைமுறைக்கு நீ காவல் என்றால் நம்புவார்கள். ஒருவர் புகார் கொடுத்தால் எத்தனை நாளில் பதில், யார் விசாரிப்பார், புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் என்ன என்பதை எழுதி வை. அது மேலதிகாரிக்கும் பொருந்தும் என்று முதல் தடவையே காட்டு. தொழிற்சங்கம் இருந்தால் பிரச்சினை இல்லாத நாளிலும் போய் அவர்களோடு உட்கார். பிரச்சினை வந்த பிறகு முதல் அறிமுகம் வைத்துக்கொள்ளாதே.

விண்ணப்பங்களைச் சலிக்கும் அந்த மென்பொருளை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அமேசான் அப்படி ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்த்தது. பத்து வருடங்களில் வந்த விண்ணப்பங்களை வைத்து அதைப் பழக்கினார்கள். அவை பெரும்பாலும் ஆண்களுடையவை. ஆகவே பெண்கள் என்ற சொல் வந்த விண்ணப்பங்களை அது கீழே தள்ளியது. திட்டத்தைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளியே வந்தது. விற்க வருபவரிடம், எந்தத் தரவில் பழக்கினீர்கள், நிராகரிக்கப்பட்டவர் காரணம் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று கேள். பதில் மழுப்பலாக இருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போடு. அதற்குள் அந்த ராஜினாமாத் தேதிகளைப் பிரிவு வாரியாகப் பட்டியலிட்டு, பெயர்களை எடுத்துவிட்டு எனக்கு அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்