மருந்து பேரு மட்டும் வந்துச்சு, யாருக்குன்னு வரல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோவிட் பெருந்தொற்று நேரத்துல ஜனங்க தானாவே மருந்து வாங்கி முழுங்குனதைப் பத்தி போன இதழ்ல எழுதியிருந்தீங்க. எழுதுனது சரிதான், ஆனா மொத்தப் பழியையும் விவரம் தெரியாத ஜனங்க தலையில கட்டுன மாதிரி இருந்துச்சு. எங்க குடும்பத்துல அப்படி மாத்திரை போட்டது என் சித்தப்பா. ரிட்டயர்டு வாத்தியார், தினமும் ரெண்டு பேப்பர் வரி விடாம படிக்கிறவர். சொல்லப்போனா படிச்சதுதான் வினையாச்சு.

2020 ஜூன் 16-ம் தேதி டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து பத்தி ஒரு சேதி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரெகவரின்னு பிரிட்டன்ல நடந்த பெரிய ஆய்வு. அந்த மருந்து குடுத்ததுல வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, ஆக்சிஜன் மட்டும் வச்சிருந்தவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு ஒரு பலனும் இல்ல, இதையும் அதே அறிவிப்புலயே சொல்லியிருந்தாங்க. ஆனா நம்ம கண்ணுல பட்டது "உயிர் காக்கும் மருந்து"ங்கற தலைப்புதான், மிச்சமெல்லாம் கடைசி பாராவுல கிடந்துச்சு, வாட்ஸ்அப்ல ஃபார்வேர்டு ஆகி ஆகி அந்த பாராவும் உதிர்ந்து போச்சு.

சித்தப்பாவுக்கு அப்போ காய்ச்சல் வந்து ரெண்டாவது நாள், மூச்சுல எந்த கஷ்டமும் இல்ல, பயம்தான் ஜாஸ்தி. வழக்கமா பாக்குற டாக்டருக்கு போன் போட்டா எடுக்க ஆள் இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து தேறி வந்த ஒருத்தர் தன்னோட சீட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்ப, இவர் அதே ஸ்டீராய்டை அதே அளவுல வாங்கி போட ஆரம்பிச்சுட்டாரு. காய்ச்சல் டக்குன்னு இறங்கிடுச்சு, அங்கதான் ஏமாந்தோம். ஆரம்ப நாள்ல வைரஸோட மல்லுக்கட்டுறதே உடம்போட எதிர்ப்பு சக்திதான், அதைப் போய் இந்த மருந்து அமுக்கிடும், காய்ச்சலும் அதனாலதான் இறங்குன மாதிரி தெரியும். பின்னாடி அதே எதிர்ப்பு சக்தி வெறி பிடிச்ச மாதிரி நுரையீரலையே தாக்குது பாருங்க, அப்பதான் ஸ்டீராய்டுக்கு வேலை. சித்தப்பா வேற சுகர்காரர், ஸ்டீராய்டு சுகரை ஏத்திவிடும், அஞ்சாம் நாள் டெஸ்ட் பண்ணா 400-ஐ தாண்டி நிக்குது. எப்படியோ பொழைச்சுட்டாரு.

இதே கதைதான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்ங்கற மலேரியா மருந்துக்கும். 2020 மார்ச் கடைசியில அமெரிக்காவுல கோவிட்டுக்கு அவசர அனுமதி குடுத்தாங்க, ஜூன் 15-ம் தேதி வாபஸ் வாங்கிட்டாங்க. நடுவுல ஆளாளுக்கு வாங்கி வீட்டுல பதுக்க, வருஷக்கணக்கா அந்த மாத்திரையை நம்பி இருக்குற லூபஸ், முடக்குவாத நோயாளிங்களுக்கு கிடைக்காம போச்சு. அரிசோனாவுல ஒருத்தர் மீன் தொட்டிக்கு போடுற குளோரோகுயின் பாஸ்பேட்டை சாப்பிட்டு செத்தே போனாரு. பேரு ஒரே மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் விஷயத்துல ஜனங்களை மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரல. உலக சுகாதார நிறுவனம் 2024-ல சொன்ன கணக்குப்படி ஆஸ்பத்திரியில சேர்ந்த கோவிட் நோயாளிங்கள்ல 8 சதவீதம் பேருக்குத்தான் கூடவே பாக்டீரியா தொற்று இருந்துச்சு, ஆனா ஆன்டிபயாடிக் வாங்குனது 75 சதவீதம் பேரு. எதுக்கும் இருக்கட்டும்னு டாக்டருங்களே எழுதுனப்போ வீட்டுல இருக்குறவன் என்ன பண்ணுவான்? வைரஸை ஆன்டிபயாடிக் ஒண்ணும் செய்யாதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் பயம் வந்தா மறந்துடுது. (நானும் ரெண்டு அட்டை அசித்ரோமைசின் வாங்கி வச்சேன், மறைக்க என்ன இருக்கு.)

பாராசிட்டமாலையே எடுத்துக்கோங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, சளிக்குன்னு போடுற பல கூட்டு மாத்திரையிலயும் அதே பாராசிட்டமால்தான் இருக்கு, ரெண்டையும் சேர்த்து போட்டு கல்லீரலை கெடுத்துக்கறது ரொம்ப சுலபம்.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். சித்தப்பா அந்த சேதியை கத்தரிச்சு டைரிக்குள்ள வச்சிருந்தாரு, எடுத்துப் பார்த்தேன். தலைப்பும் முதல் நாலு வரியும்தான் இருக்கு, யாருக்கு வேலை செய்யாதுங்கறது கத்தரிக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. அடுத்த தடவை மருந்து சேதி போடும்போது யாருக்கு, நோயோட எந்தக் கட்டத்துல, யாருக்குக் கூடாதுங்கற மூணையும் தலைப்புக்கு அடியிலயே அதே எழுத்து சைஸ்ல போடுங்க. ரெண்டு வரி கூடுனா கூடட்டும், படத்தை சின்னதாக்கிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்